ஐந்தரை மணி நேரம்

வெள்ளைப் பலகையில் சுதீர் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குப் பூமி என்று பெயரும் எழுதினான். பிறகு அதன் குறுக்கே கோடு கோடாக இழுத்தான். சங்கமித்ராவுக்குக் கொட்டாவி வந்தது.

"அமெரிக்கால, சான் ஹோசேல பத்து வருஷம் இருந்திருக்கேன். அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ கடிகாரத்தையே மாத்துவா. டைம் ஜோன்னா என்னன்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்" என்றான்.

அரை மணியாகக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தது அவன்தான்.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. ஸ்கேன் சென்டர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் நோயாளிகள் நேரம் பதிவு செய்துகொள்ளும் வலைதளங்களை அது நடத்திவந்தது. சுதீர் அதன் தொழில்நுட்பத் தலைவன், வந்து எட்டு மாதம். சங்கமித்ரா அங்கே ஒன்பது வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள். அலுவலகத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் வாடகை சர்வர் ஒன்றுக்கு மாற்றும் வாரம் அது. பழையதில் இந்திய நேரம் ஓடியது. புதியது உலகப் பொது நேரத்தில் ஓடியது, நமக்கு ஐந்தரை மணி பின்னால்.

அதில் தப்பொன்றும் இல்லை. சர்வர் அப்படியே ஓடட்டும், அதன் மேல் இருக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அதனதன் செட்டிங் ஃபைலில் எந்த ஊர் நேரம் என்று ஒரு வரி எழுதிவிடலாம், பெங்களூர்க்காரர்களுக்கு இந்திய நேரம், துபாய் கிளினிக்குக்கு துபாய் நேரம் என்று அவள் மெயில் போட்டிருந்தாள். மூன்று வாக்கியம். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பூமிப் பந்து.

"செட்டிங் எல்லாம் எதுக்கு, சும்னே வீண் வேல?" என்றான் சுதீர். "வெப்சைட்ல காட்டற எடத்துல ப்ரோக்ராம் கோட்லயே ஐந்தரைய கூட்டிட்டேன், துபாய்க்கு நாலு. ஆய்த்து."

"எல்லா எடத்துலயும் கூட்டிட்டீங்களா? எஸ்எம்எஸ் அனுப்பற ப்ரோக்ராம் தனியா ஓடுது, சுதீர்."

"நீ சர்வரப் பாரு, மித்ரா. கோட் என் டிபார்ட்மென்ட்."

டெஸ்டிங் பார்க்கும் ரக்ஷாவை அவன் 'நீங்க' என்பான். கீழே பேக்கரியில் பஃப் எடுத்துக் கொடுப்பவரைக்கூட 'நீங்க' என்பான். சங்கமித்ரா மட்டும் 'நீ'. தான் வேலைக்கு வந்த முதல் நாள் அவள் வீடு எங்கே என்று கேட்டு, ஜீவனஹள்ளி என்று அவள் சொன்னதும், "ஓ, அந்தப் பக்கமா" என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த அவன் தாத்தாவைப் பற்றி மாதம் ஒரு முறையாவது எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை பரம்பரையும் சேர்ந்து கடைசியில் ஐந்தரையைக் கூட்டத்தான் ஒருவனைத் தயார் செய்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை புதிய சர்வருக்கு மாறினார்கள். காக்ஸ் டவுன் பக்கத்து ஸ்கேன் சென்டரின் தளத்தில் சங்கமித்ரா தன் நம்பரைக் கொடுத்து, திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஒரு பதிவு போட்டுப் பார்த்தாள். திரையில் 11.30 என்று சரியாகவே காட்டியது. இரண்டு நிமிடத்தில் அவள் போனுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் ஸ்கேன் நேரம் திங்கள் 6.00. வெறும் வயிற்றில் வரவும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். எஸ்எம்எஸ்ஸில் ஐந்தரையைக் கூட்ட அவன் மறந்துவிட்டான், அவள் சொன்ன இடத்திலேயே.

சுதீர் எதிர் மேஜையில் பஃப் தின்றுகொண்டிருந்தான். கீபோர்டு முழுக்கத் தூள்.

"எல்லாம் ஓகேதானே?" என்றான், நிமிராமலே.

"கோட் உங்க டிபார்ட்மென்ட். நீங்களே பாத்துக்குங்க."

"பாத்தாச்சு. பர்ஃபெக்ட்."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வீடு வரைக்கும் நடந்தே போனாள். நடை இலேசாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வரும், சுதீரின் முகம் எப்படிப் போகும், அப்போது தான் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டே போனாள். செய்தி யார் யாருக்குப் போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. சனி, ஞாயிறு ஸ்கேன் சென்டர் மூடியிருக்கும்; ஞாயிற்றுக்கிழமை மாலை, மறுநாள் வரவேண்டிய முப்பத்தெட்டு பேருக்கும் ஐந்தரை மணி பின்தங்கிய நினைவூட்டல் தானாகவே போய்ச் சேர்ந்தது.

திங்கள் காலை ஆறு இருபதுக்கு அவள் சின்னம்மா பாஞ்சாலி போன் செய்தாள். பாஞ்சாலி அந்த ஸ்கேன் சென்டரில் ஆயா. பெருக்கித் துடைக்கக் காலையில் முதலில் போவது அவள்தான்.

"மித்ரா, இங்க பதினோரு பேரு கேட்டு முன்னால நிக்கிறாங்கடி. ஆறு மணிக்கு வரச் சொல்லி மெசேஜு வந்துதாம். எட்டரைக்குத்தான தொறப்பாங்க. உங்க கம்பெனி மெசேஜுதான இது?"

சங்கமித்ரா போனபோது சாவடிபோல இருந்தது அந்த இடம். நடைபாதையில் நாளிதழை விரித்து இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஒருவர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி குந்தியிருந்தார், சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பெயர் நாராயணசாமி, சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் தைப்பவர். சர்க்கரை நோயாளி. முந்தின இரவிலிருந்து சாப்பிடாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். பாஞ்சாலி அவர் வாயில் சர்க்கரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டக் கூடாதுன்னு போட்டிருக்குதே" என்றார் அவர்.

"ஸ்கேன் கெடக்குது, முழுங்கு நீ" என்றாள் பாஞ்சாலி. பிறகு சங்கமித்ராவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாடி இது?" என்றாள்.

சங்கமித்ரா பையிலிருந்து போனை எடுத்தாள். பாஞ்சாலிக்கு அது போதுமாயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழவருக்கு விசிற ஆரம்பித்தாள்.

அங்கேயே நின்று சங்கமித்ரா சுதீருக்குப் போன் செய்தாள். அவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான், மூச்சு வாங்கியது.

"அப்ப சர்வர் டைம்தான் தப்பு. மொத்த சர்வரையும் இந்தியான்னு மாத்திடு."

"மாத்துனா எஸ்எம்எஸ் சரியாயிடும். ஆனா வெப்சைட்ல நீங்க ஏற்கெனவே ஐந்தரை கூட்டியிருக்கீங்க. அங்க ரெண்டு தடவ கூட்டிக்கும். துபாய் கிளினிக்கும் போயிடும்."

"நெகட்டிவாவே பேசாத. விடு, நானே பண்றேன்."

அவனே செய்தான். எட்டரை மணிக்கு ரிசப்ஷனில் ஆஞ்சலா கம்ப்யூட்டரைத் திறந்தபோது, பதினொன்றரைக்காரர்கள் எல்லோருக்கும் மாலை ஐந்து என்று காட்டியது. பார்த்ததை அப்படியே நம்பி, பட்டினியோடு இருந்தவர்களிடம், "உங்களுக்கு சாயங்காலம்தான், போய்ட்டு வாங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே கிளம்பிப் போனார்கள். துபாயிலிருந்து வந்த மூன்று அழைப்புகளையும் சுதீர் எடுக்கவில்லை.

பத்தரை மணிக்கு ஸ்கேன் சென்டரின் டாக்டர் ஸ்ரீரஞ்சனி இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

சுதீர் ஆரம்பித்தான். உலகத்தில் எத்தனை நேர மண்டலங்கள், சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை எப்படித் தள்ளி வைக்கிறார்கள், இது எவ்வளவு சிக்கலான துறை. இந்தியாவில் யாரும் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில்லை என்பதை அவனுக்கு நினைவூட்ட சங்கமித்ராவுக்கு வாய் துறுதுறுத்தது.

டாக்டர் அவனைப் பாதியில் நிறுத்தினார். "காலைல பதினொன்னரைய ஆறுன்னு அனுப்பினீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தராவது பாத்தீங்களா, இல்லையா?"

"டெஸ்ட் பண்ண வேண்டியது சர்வர் பாக்கற ஆபரேஷன்ஸ் ஆளுங்க, டாக்டர்" என்றான் சுதீர், அவளைப் பார்க்காமல். "மித்ராதான் அத கவனிச்சிருக்கணும்."

இந்த நொடிக்குத்தான் அவள் மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். மெயில் போனிலேயே இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். ஆனால் சர்க்கரை ஒட்டிய அந்தக் கிழவரின் உதடுதான் கண்முன் நின்றது.

"டெஸ்ட் பண்ணேன் டாக்டர். வெள்ளிக்கிழம சாயங்காலமே மெசேஜ் என் போனுக்கு வந்துது. ஆறுன்னுதான் வந்துது. பாத்தேன்."

சுதீர் சட்டென்று திரும்பினான். அவன் முகத்தில் நிம்மதி பரவியதை அவள் கண்டாள். அந்த நேரத்திலும் அது அவளுக்கு அருவருப்பாகவே இருந்தது.

"பாத்துட்டு?" என்றார் டாக்டர்.

"சொல்லல."

"ஏன்?"

"தப்பு இவரோடது. முன்னாலயே மெயில்ல சொன்னேன், கேக்கல. மறுபடி சொன்னாலும் கேக்க மாட்டாரு. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

"பட்டது யாரு? இவரா?" என்றார். "இவருக்குத் தெரியல. தெரியாதுங்கறதும் தெரியல. இந்த மாதிரி ஆளுங்கள தினம் பாக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. நீங்க இவர விட மோசம்." பிறகு நோயாளிகள் பட்டியலை மேஜைமேல் வைத்தார். "மொதல்ல சரி பண்ணுங்க. அப்புறம் முப்பத்தெட்டு பேருக்கும் நீங்க ரெண்டு பேருமே போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்க. ஆஞ்சலா கேக்க மாட்டா."

ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சங்கமித்ரா சரிசெய்தாள். சுதீர் கூட்டியிருந்த இடங்களைத் தேடி அழித்தாள், ஏழு இடங்கள். சர்வரைப் பழையபடி உலக நேரத்துக்கே மாற்றினாள். ஒவ்வொரு தளத்தின் செட்டிங் ஃபைலிலும் அதனதன் ஊர் நேரத்தை எழுதி, எஸ்எம்எஸ் ப்ரோக்ராமிலும் எழுதி, எல்லாவற்றையும் ஒரு தடவை நிறுத்தி ஓடவிட்டாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. சுதீர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் இதத்தான் சொல்ல வந்தேன்" என்றான்.

நான்கு பேருக்கு அவன் போன் செய்தான். நாலாவது ஆள் கன்னடத்தில் வசவு கொட்டியதும், மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போனான். அடுத்த மாதம் அதே சர்வர் மாற்றத்தை வெற்றிகரமாக முடித்ததாகக் கம்பெனி முழுக்க மெயில் அனுப்பினான். மேலே இருந்தவர்கள் பாராட்டினார்கள்.

மீதி முப்பத்து நான்கு பேரிடமும் சங்கமித்ரா பேசினாள். காலை ஒன்பதுக்கு வர வேண்டிய ஒரு அம்மாவுக்கு 3.30 என்று செய்தி போயிருந்தது. பிற்பகலாக இருக்கும் என்று அந்த அம்மா இன்னும் சாப்பிடாமல் வீட்டில் காத்துக்கொண்டிருந்தார். சிலர் திட்டினார்கள், சிலர் பரவாயில்லை என்றார்கள். பரவாயில்லை என்றவர்களிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

நாராயணசாமிக்குக் கடைசியாகப் பேசினாள். கடைக்குத் திரும்பிவிட்டிருந்தார். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

தான் யாரென்று சொல்லி அவள் மன்னிப்புக் கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு வாங்கய்யா. எந்த நேரம் தோதுன்னு சொல்லுங்க, நானே பதிவு பண்றேன்."

"நாளைக்கு எங்க? ஓனரு ஒருநாள்தான் லீவு குடுத்தாரு. அதுவும் போச்சு."

"அப்ப டாக்டர்கிட்ட கேட்டு ஞாயித்துக்கிழம தனியா போடறேன்."

"நீ ஒண்ணும் போடாதம்மா" என்றார் அவர். கோபமே இல்லை அந்தக் குரலில். "அங்க ஆயாம்மா ஒண்ணு கீதே, அதுகிட்ட சொல்லிக்கிறேன்."

போனை வைத்துவிட்டார். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல், சங்கமித்ரா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.