மூன்று நாள் பிந்திய குரல்

2014 ஆடி மாதம் சென்னை விசாரணைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து நெய்வேலி சங்கரலிங்கத்தின் பேச்சு மூன்று நாள் பிந்திக் கேட்டது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வாயசைத்தால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே குரல் வரும். வட்டாரத்து இணைய நிறுவனங்களின் சங்கத்துக்காக அரசு ஆணையத்தில் வாதாடுவது அவர் வேலை. குறைந்தபட்ச வேகம் இவ்வளவு என்று விதி போடக்கூடாது, கிராமத்து ஜனங்களுக்கு அது தேவையுமில்லை என்று பேசிவிட்டு வந்திருந்தார். டவுன்ஷிப் டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார். மனைவி இசக்கியம்மாள் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பதை நிறுத்தினாள். சங்கத் தலைவர் சக்கரபாணிக்கு மட்டும் சந்தோஷம். மனுவை மூன்று நாள் முன்பே வீட்டில் படித்துவிட்டுப் போனால் விசாரணையில் குரல் சரியாக வந்துவிடும். குறுக்குக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் அதிகாரிகள் கலைந்திருப்பார்கள்.

மறுவருஷம், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் சாமியம்மாள் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து அவர் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்தாள். மகள் வெண்மதி பெர்மனென்ட் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் முந்தின தினம் முடிந்திருந்தது.

"எம் பொண்ணு ரெண்டு நாளா கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கினு இருந்தா. அந்த பேஜ் தொறக்கவே இல்ல. எங்களுக்கு வேகம் வாணாம்னு சொல்ல நீ யாருய்யா?"

சங்கரலிங்கம் வாயசைத்தார். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். "தப்புதாம்மா" என்ற குரல் மூன்றாம் நாள் வந்தபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். எதிரே கண்ணாடிதான் இருந்தது.

அடுத்த விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், சங்கத்தின் மனுவை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று வேறொன்றைப் பேசினார். விசாரணையன்று சென்னை மண்டபத்தில், மூடிய வாயோடு நின்றவரிடமிருந்து குரல் கிளம்பியது. வேகம் கொடுக்க முடியும், கொடுக்காமல் இருப்பதுதான் லாபம், கணக்கு முழுக்க நான் பார்த்தது என்றது. சக்கரபாணி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். குரல் பதினோரு நிமிஷம் நிற்கவில்லை. குறிப்பெடுப்பவர் ஒரு வரி விடாமல் எழுதினார். சாயங்காலம் வேலை போயிற்று. கேபிள்காரர்கள் அவர் வீட்டு ஒயரை அறுத்தார்கள். விதி வர இன்னும் சில வருஷம் ஆனது.

அதற்குள் ஒரு வியாழக்கிழமை, திங்களன்றே பேசி முடித்திருந்த மன்னிப்போடு வடக்குத்துக்குப் போய்ச் சாமியம்மாள் வாசலில் நின்றார். குரல் வந்தது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"கேட்டாச்சு. எம் பொண்ணுக்கு வேல வந்துடுமா? போங்க."

அவர் தலையாட்டி வாயசைத்துவிட்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் "வராதும்மா" என்று கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.