சொன்ன பேச்சு கேட்காதவர்

“ஐயா, ரெண்டு விரலைக் காட்டுங்க!” நர்ஸ் மூன்றாவது முறையாக அவர் காதருகே கத்தினாள்.

லிஃப்ட் மெக்கானிக் அசையவில்லை. ஆறு நாட்களுக்கு முன் ஓர் அலுவலகத்து லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு, தலையைப் பிடித்தபடி அதற்குள்ளேயே உட்கார்ந்தவர். மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு என்றார்கள். அன்றிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு தரம் இந்தப் பரீட்சை. நேற்றிலிருந்து பெயில். இன்றும் இப்படியே போனால் பிழைப்பது சிரமம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

“சொன்னதைக் கேக்கலை,” என்று முணுமுணுத்துக்கொண்டே நர்ஸ் அட்டையில் எழுதினாள்.

“இதை நான் முப்பத்தெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்,” என்றாள் அவர் மனைவி. “எழுதித்தான் வைக்கலை.”

“அம்மா!” என்று மகள் அதட்டினாள்.

ஆனால் மனைவிக்கு வழி தெரியும். குடை எடுத்துப் போங்கள் என்றால் நனைந்து வருகிற ஆள். வேண்டாம் என்றால் இரண்டு குடையோடு போவார். பெண் தர முடியாது என்று அவள் அப்பா சொன்னதால்தான் அந்தக் கல்யாணமே நடந்தது.

அவள் குனிந்தாள். “இந்தாங்க, விரலைக் காட்டாதீங்க. பேசாம படுத்திருங்க.”

இரண்டு விரல்கள் எழுந்தன.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, கண்ணைத் திறக்காதீங்க,” என்றார். மெக்கானிக் திறக்கவில்லை. அதையே மனைவி சொன்னதும் ஒரு கண்ணைத் திறந்து முறைத்தார்.

“இதை எந்தக் கட்டத்துல எழுதறது டாக்டர்?” என்று நர்ஸ் அட்டையை நீட்டினாள்.

டாக்டர் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

அதன்பின் இரண்டு நாட்கள் மணிக்கொரு தரம் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவளும் புடவையைச் சரிசெய்துகொண்டு, டியூட்டிக்குப் போகிறவளாட்டம் மிடுக்காகப் போய் வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் மறுபடி ரத்தம் கசிந்தது. வாயில் குழாய் போட்டார்கள். “இனிமே எங்க கையில எதுவும் இல்லைம்மா. பக்கத்துல இருங்க,” என்றார் டாக்டர்.

மகள் அழுதாள். மனைவிக்கு அழ நேரமில்லை. தன் வித்தையை இன்னும் ஒரு தரம் காட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் காதருகே குனிந்து, கடைக்கு அனுப்புகிற குரலில் சொன்னாள்.

“கிளம்புங்க. நான் ஒண்ணும் தனியாத் தவிச்சுட மாட்டேன். தாராளமாப் போங்க, யாரு தடுத்தா?”

முறைப்பார் என்று காத்திருந்தாள். கால் மணி நேரத்தில் திரையில் கோடு நேராக ஓடத் தொடங்கியது.

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். “நீ அப்பாவை நல்லபடியா வழியனுப்பி வச்சேம்மா.”

“நான் எங்கடி அனுப்பினேன்?” அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சொன்னதைக் கேட்டாரு. அதுவும் இன்னைக்கா?” சொல்லிவிட்டு அழுதாள்.

குழாய்களை எடுக்க நர்ஸ் வந்தாள். “ஒரு நிமிஷம்மா,” என்று அவளை நிறுத்திவிட்டு, மனைவி தன் கையை அவர் உள்ளங்கைக்குள் நுழைத்தாள்.

“கையைப் பிடிக்காதீங்க,” என்றாள்.

நர்ஸ் அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு, தானும் காத்திருந்தாள்.