எத்தனை அடிக்குத் தண்ணீர்

லலோகி கிராமத்துச் சுகாதார நிலைய அடிபம்பில் பதினோரு நாளாகச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அங்கே பம்பைப் பார்த்துக்கொள்ளும் லமுனு ஃபோனில் சொன்னபோது, லன்யேரோவின் திரையில் அந்தப் பம்பின் கார்டு பச்சை நிறத்தில், 'முடிந்தது' என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிரசவத்துக்கு வருகிறவர்களுக்குச் சதுப்பிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்களாம். லமுனு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் லன்யேரோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கார்டை மூடியது ஏஐ ஏஜென்ட். குலு நகரில் லன்யேரோ வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மெக்கானிக்குகளை அனுப்பி அடிபம்புகளைப் பழுது பார்க்கிறது. ஒவ்வொரு பழுதுக்கும் மென்பொருளில் ஒரு கார்டு. கார்டுகளைக் கவனித்துவந்த ஒஜாராவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, அவன் இரண்டு மாத விடுப்பில் போனதால் வந்த ஏற்பாடு இது. ஏஜென்ட்டின் கையில் என்னென்ன கருவிகள், எதை எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவள் லன்யேரோ. 'கார்டை மூடு' என்ற கருவிக்கு அவள் எழுதியது ஒரே வரி: வேலை முடிந்த கார்டை மூடும். அதைப் படித்துவிட்டு, மெக்கானிக் "முடிச்சாச்சு" என்று குறிப்புப் போட்டிருந்த முப்பத்தொரு கார்டுகளையும் அது மூடித் தள்ளிவிட்டது. மூடிய கார்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? பாவம், அதைச் சொல்லி என்ன பயன். சொன்னதைத்தானே செய்தது.

இயக்குநர் கோமகெச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டு ஒஜாராவைத் திரும்பக் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். இரட்டையில் சின்னவள் இன்னும் இரண்டு கிலோகூடத் தேறவில்லை; ஒஜாராவின் மனைவிக்கு எழுந்து நடமாடவே தெம்பில்லை. அவசரத்தில் எழுதிய ஒரு வரி அந்த வீட்டு வாசல்வரை போய் நிற்கும் என்று லன்யேரோ நினைத்தும் பார்த்ததில்லை.

லலோகிக்கு மறுபடி மெக்கானிக்கை ஏற்பாடு செய்துவிட்டு, கொஞ்சம் எள் விழுதும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு ஒஜாராவின் வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே அவன் கேட்டது வேறு.

"மூணாம் நாள் காலைல ஃபோன் போடலையா அக்கா?"

"எதுக்குப் போடணும்?"

"மெக்கானிக் கெளம்பறப்போ எந்தப் பம்புலயும் தண்ணி வரத்தான் செய்யும். மொத ரெண்டு நாள் சனங்க விடாம அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணும் தெரியாது. மூணாம் நாள் விடியக்காலைல, ராத்திரி பூரா சும்மா கெடந்த பம்பை மொத ஆளு அடிக்கறப்போ எத்தனை அடிக்குத் தண்ணி வருதுன்னு கேக்கணும். பத்துக்குள்ள வந்தா சரி. முப்பது, நாப்பதுன்னா கீழ இருக்கற வால்வு தண்ணியைப் புடிச்சு வைக்கல, ராத்திரில எறங்கிப் போயிடுதுன்னு அர்த்தம். அது ஒரு வாரம் தாங்காது."

ஏழு வருஷமாக இதைச் செய்துவந்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் இருந்த அவளுக்கே தெரியாது. காலையில் வந்ததும் யாரிடமோ ஃபோனில் அரட்டை அடிக்கிறான் என்றுதான் எண்ணியிருந்தாள்.

"இதை எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கலாம்ல, இரட்டைக்கு அப்பா?"

"யாரு கேட்டா?" என்று சிரித்தான். பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நீங்க அந்த ஏஜென்ட்டுக்கு எழுதிக் குடுத்ததாலதான் இத்தனை நாள் நான் இவளைத் தூக்கிக்கிட்டு இருந்தேன். இன்னும் நாலு வரி சேத்து எழுதுங்க அக்கா, போதும்" என்றான்.

அன்றே உட்கார்ந்து எழுதினாள். மெக்கானிக்கின் சொல்லை வைத்து மூடாதே. மூன்றாம் நாள் காலைக் கணக்கு கார்டில் இருக்க வேண்டும். பத்து அடிக்குள் தண்ணீர் வந்திருந்தால் மட்டும் மூடு. அதிகமானால் மெக்கானிக்குக்குத் திருப்பு. கணக்கே இல்லையென்றால் ஊகிக்காதே, ஆளைக் கேள். எழுதி முடித்தபோது ஒவ்வொரு வரியிலும் ஒஜாராவின் குரல் கேட்டது. நன்றி என்று அவனிடம் சொல்லாமலே வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தொரு கார்டுகளும் மறுபடி திறந்தன. லலோகிக்குப் போன மெக்கானிக் செவ்வாய்க்கிழமை வால்வை மாற்றிவிட்டு, பழையபடி "முடிச்சாச்சு" என்று போட்டான். ஏஜென்ட் மூடவில்லை. கார்டின் அடியில் ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருந்தது: 'மூன்றாம் நாள் இன்னும் வரவில்லை. வெள்ளி விடிகாலை யாராவது லமுனுவை அழைத்து, எத்தனை அடிக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்க வேண்டும்.' லன்யேரோ திரையைப் பார்த்துத் தலையசைத்தாள். மெஷினுக்குப் போய் நன்றி சொல்வதா என்று வெட்கமாகவும் இருந்தது, சொல்லவும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் அழைத்தாள். லமுனு வரிசையில் நின்றவர்களை அதட்டி நிறுத்திவைத்திருந்தாள்.

"இன்னும் யாரும் கை வைக்கல. நீயே கேட்டுக்கோ" என்று ஃபோனைப் பம்பின் மேலேயே வைத்துவிட்டாள்.

கைப்பிடி கிறீச்சிட்டது. ஒன்று. இரண்டு. லமுனுவோடு சேர்ந்து வரிசை முழுதும் எண்ணத் தொடங்கியது. ஐந்து. ஆறு. லன்யேரோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழுக்குப் பிறகு எண்ணுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். வெறும் கேனின் அடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கேன் நிறைய நிறைய அது தணிந்துகொண்டே வந்தது. அடுத்த கேனை வைத்தார்கள். லன்யேரோ ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.