வெறும் ஃப்ளாஷ்

கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைப் பேசப் போகிறவர்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எத்தனை ரோல், ஆல்பம் எப்போது கைக்கு வரும், மழை வந்தால் என்ன செய்வீர்கள், இப்படி. தமிழ்ச்செல்வியும் ராஜசேகரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆவணி மாசக் கல்யாணம். ரெண்டு பேருக்கும் திண்டிவனத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம்தான். ஆனாலும் கட்டிக்கொள்ளப் போகிறவனோடு பஸ் ஏறி விழுப்புரம் போய் ஸ்டூடியோ வாசலில் இறங்குவது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமா? தமிழ்ச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டூடியோக்காரர் கோதண்டபாணி தொழில் தெரிந்த ஆள். எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சங்கதி சொன்னார்.

"ரெண்டு ரோல்தான் பேசியிருக்கீங்க சார். ரிசப்ஷன்ல மேடையேறுறவங்க எல்லாரையும் புடிச்சா, காலையில தாலி கட்டறப்ப ஃபிலிம் இருக்காது. எடுக்க மாட்டேன்னு சொல்லவும் முடியாது, வந்தவங்க மனசு நோவும். அதனால ஒண்ணு பண்ணுங்க. முக்கியமில்லாதவங்க வந்து நின்னா நீங்க வாட்சைத் தொடுங்க. நான் ஃபிலிமைத் தொடாம ஃப்ளாஷை மட்டும் அடிச்சுடறேன். பளிச்சுன்னு வெளிச்சம் வந்தா அவங்களுக்கும் சந்தோஷம். எல்லாக் கல்யாணத்துலயும் நடக்கறதுதான் சார்."

ராஜசேகர் கொஞ்சம் யோசித்தான். விழுந்து விழுந்து சிரித்தது தமிழ்ச்செல்விதான். "அய்யோ, சூப்பர் ஐடியா சார்!" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுகூட அவன் வாட்சைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். பாவி மகளே, உனக்கு வந்த சிரிப்பைப் பார்!

இப்போது சின்னக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தமிழ்ச்செல்வியின் பெரியம்மா மகன், அண்ணன் முறை. அவள் ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் மரக்காணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கித்தான் படித்தாள். சின்னக்கண்ணு உப்பளத்துக் கூலி. விடியற்காலையில் உப்பளத்தில் இறங்கி, நடுவில் ஓடிவந்து அவளை சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மறுபடி உப்பளத்துக்கு ஓடுவார். டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்தபோது, "போய்ப் படி பாப்பா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் அவர்தான். சொன்னபடி பார்த்தும் கொண்டார். அவர் இல்லையென்றால் செல்வி டீச்சராவது ஏது?

அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிசப்ஷனுக்கு வந்தார். மறுநாள் காலையில் உப்பு லாரிக்கு லோடு ஏற்ற வேண்டும், முகூர்த்தத்துக்கு நிற்க முடியாது. சம்சாரம் காந்திமதி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டாள். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் ஒரு பை மல்லாட்டைக் கடலை. கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்குமா? உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாளம் பாளமாக வெடித்த கால். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலோடு அவர் மேடையேறியபோது, ஹெட்மாஸ்டரும் அவர் சம்சாரமும் போட்டோ எடுத்துக்கொண்டு அப்போதுதான் நகர்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் சிவப்பு விரிப்பின்மேல் இருந்த காலைப் பார்த்தாள். அப்புறம் தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். அவ்வளவுதான், செல்விக்கு உடம்பு கூசிப்போய்விட்டது.

அதுவரை சின்னக்கண்ணுவைப் பார்த்தே இராத ராஜசேகர் அவள் காதருகே குனிந்து, "யாரு?" என்றான்.

"ஊர்க்காரரு" என்றாள் தமிழ்ச்செல்வி.

அண்ணன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. ராஜசேகரின் விரல் வாட்சைத் தொட்டது. சின்னக்கண்ணு அவள் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "நல்லா நின்னேனா பாப்பா?" என்று கேட்டார். "நின்னீங்கண்ணா" என்று சிரித்தாள். அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அடுத்த மாசம் அவர் நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான் ராஜசேகருக்கு ஆள் யாரென்று தெரிந்தது. அவர் போன பிறகு அவளைப் பிடித்துக் கத்தினான். "அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஃபிலிம் தீர்ந்தா தீரட்டும்னு எடுத்திருப்பனே!" அவளோ, அண்ணன் போட்டோவைக் கேட்டால் என்ன பொய் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்கவே இல்லை. ஆல்பம் வந்த பிறகு ஒரு தரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். மூடி வைத்தார். "லட்சணமா இருக்கற, பாப்பா" என்றார். அப்புறம் வருஷத்துக்கு நாலு தரம் வருவார், கருவாடு கொண்டுவருவார், அவள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுவார். போட்டோ பேச்சு வாயில் வந்ததே கிடையாது. மறந்துவிட்டார் போல என்று தமிழ்ச்செல்வி நிம்மதியாக இருந்தாள். மறந்துவிட்டாராம்!

அதற்கப்புறமாவது அவரைப் பக்கத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். நினைக்காமல் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே பழசு வெளியே வந்துவிடுமோ என்று பயம். பொங்கல் போகட்டும், திருவிழா போகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் சின்னக்கண்ணுவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. உப்பளத்துக்குப் போய்க்கொண்டே நாட்டு மருந்து தின்றார். படுத்தபோது நாள் கடந்துவிட்டது. போய்ச் சேர்ந்தார்.

காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டுமே! வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஓட்டு அட்டையில் இருந்த மூஞ்சியைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்கள், கரிக்கட்டை மாதிரி வந்தது. காந்திமதி தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கல்யாணத்துல அவரு நின்ன ரோலு வெளிச்சம் பட்டு வீணாப் போச்சாம் செல்வி. அப்பவே சொன்னாரு. இல்லாட்டி பெருசா மாட்டியிருப்பேன்னு ஓயாம சொல்லிக்கினு இருப்பாரு. இருந்தாலும் ஒரு நப்பாசை. நீ ஒருவாட்டி கேட்டுப் பாரேன்."

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோல் வீணாய்ப் போனதா? அவரிடம் யார் அப்படிச் சொன்னது? அவள் ஒத்திகை பார்த்து வைத்து, இன்னும் சொல்லாத பொய் அது.

விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல். அன்றைக்குக் கோதண்டபாணி கை தவறியாவது அமுக்கியிருக்கக் கூடாதா? எத்தனையோ பேருக்கு எத்தனையோ தவறு நடக்கிறது, எனக்கு ஒரு தவறு நடக்கக் கூடாதா சாமி?

அண்ணன் போய்ச் சேர்ந்ததையும் படம் தேடுவதையும் அவள் சொன்னதும் கோதண்டபாணி பழைய நெகட்டிவை உள்ளேயிருந்து தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஹெட்மாஸ்டரும் அவர் சம்சாரமும். அதற்கடுத்து மாமியார் வீட்டுச் சொந்தங்கள். நடுவில் ஒன்றும் இல்லை.

"மரக்காணத்துல உப்பள வேலை பாத்தவர்தானே டீச்சர்?" என்றார் கோதண்டபாணி. "அவரே ஒருவாட்டி வந்தாரே."

"எப்போ?"

"உங்க கல்யாணம் முடிஞ்ச கையோட. பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்கன்னாரு. மழுப்பிப் பாத்தேன், வுடலை. வாட்ச் விஷயத்தைச் சொல்லிட்டேன். அந்த பெஞ்சில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. எனக்கே கஷ்டமாப் போச்சு. ஒக்காருங்க, சும்மாவே ஒண்ணு எடுத்துத் தர்றேன்னேன். என்னை மட்டும் எடுத்து இன்னா பண்றதுங்க, பாப்பாவோட நின்னதுதான் வோணும்னுட்டாரு."

தமிழ்ச்செல்வி அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"போறப்ப ஒண்ணு சொன்னாரு. யாராச்சும் வந்து கேட்டா ரோல்ல வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுன்னு சொல்லிடுங்க, நான் வந்து போனது பாப்பாவுக்குத் தெரிய வேணாம், அதுக்கு பேஜாராப் பூடும்னாரு. இத்தினி வருஷம் வாயைத் தொறக்கலை. ஆளே போயிட்டாருன்றீங்க, இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது?"

மரக்காணம் திரும்பும் வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். இந்தப் பாரத்தை இனிமேல் சுமக்க முடியாது. அண்ணி திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன். அப்படி அடி வாங்கினால் யாருக்கு ஆறும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

காந்திமதி வாசலில் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். "கிடைச்சுதா?" என்றாள். தமிழ்ச்செல்வி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். வாட்சைத் தொட்டது, ஊர்க்காரர் என்று சொன்னது, அவர் ஸ்டூடியோவுக்குப் போனது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அண்ணியின் காலைப் பிடித்தாள்.

காந்திமதி காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவளைத் தூக்கிவிடவும் இல்லை. புளியும் சாம்பலும் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க டீச்சரு அத்தினி பேர் நடுவுல என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ புடிச்சுதுன்னு தெருவுல ஒருத்தர் விடாம சொல்லிக்கினு திரிஞ்சாரு செல்வி" என்றாள். "நானும் அதை நம்பிக்கினுதான் இருந்தேன். போட்டோதான் இல்லை, அவரு சொன்ன பொய்யாச்சும் என்கிட்ட இருந்துச்சு. இப்ப அதையும் புடுங்கிக்கினியே."