சூப்பில் ஊற்றிய ஒயின்

அன்று மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: எர்மேத்தே ஆகிய நான், என் மனைவி ஓர்னெல்லா, எங்கள் மகள் நோயேமி, அவள் மணக்க விரும்பிய இவோ, மான்டுவாவிலிருந்து வந்திருந்த அவன் தந்தை லெயார்கோ. தானும் இருந்ததாக வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

காலையில் லெயார்கோவைப் பெர்காமோவின் மதில்மேல் நடத்திக் கூட்டிப்போனேன். மதியம் படகேறி, இசேயோ ஏரியின் நடுவே எங்கள் தீவு வீட்டுக்கு வந்தோம்.

"எங்க ஊரச் சுத்தி மூணு ஏரி. உங்களுக்கு ஒண்ணுதானா?" என்றார்.

"ஆழத்தப் பாருங்க சம்பந்தி, அப்புறம் எண்ணுங்க."

சம்பந்தி என்பது வாய் தவறி வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் விருந்து முடிந்த பிறகுதான் வாக்குக் கொடுப்போம்.

ஓர்னெல்லா விடியற்காலையிலிருந்து காய்ச்சிய கோழிச்சூப் வந்தது. நாற்பது வருடங்களில் நான் அதில் ஒரு கல் உப்புகூடச் சேர்த்ததில்லை. லெயார்கோ இரண்டு கரண்டி குடித்தார். பிறகு புட்டியை எடுத்துச் சிவப்பு ஒயினைக் கிண்ணம் நிறைய ஊற்றினார். கிண்ணத்தோடு எழுந்து அடுப்பருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் எழுந்தேன். "நோயேமி, அவரு தொப்பிய எடுத்துட்டு வா. அவரு கெளம்புறாரு."

அவள் அசையவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஐயா, உக்காருங்க," என்றான் இவோ. "எங்க ஊர்ல சூப்பு பிரமாதமா இருந்தா இப்படித்தான். ஒயின் ஊத்தி அடுப்போரமா நின்னு குடிப்பாங்க. அம்மா போயி ஆறு வருஷம். அதுக்கப்புறம் அப்பா எந்த வீட்லயும் ஊத்துனதில்ல."

லெயார்கோ திரும்பவில்லை. ஓர்னெல்லா புட்டியை எடுத்து என் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"போங்க. அங்க இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு."

போனேன். அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று குடித்தேன்.

"எப்படி?" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

"ஒயின் கொஞ்சம் கம்மி, சம்பந்தி."

இம்முறை வாய் தவறவில்லை. பின்னால் நோயேமி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

மாலையில் படகுத்துறைவரை போய் அவர்களை வழியனுப்பினோம். படகு கண்ணுக்கு மறையும்வரை நான் உரக்கப் பாடிக்கொண்டிருந்ததாகத் தீவில் இன்றும் பேசுகிறார்கள். தவறு. பாடியவர் லெயார்கோ. நான் தாளம் போட்டேன், அவர் விட்டுச்சென்ற தொப்பியில்.