மூடியில் அப்பிய சந்தனம்

மிதிக்கிறேன், கிக்கர் கீழே போய் மேலே வருகிறது, மறுபடி மிதிக்கிறேன், என்ஜின் ஒரு செருமல் செருமிவிட்டு அடங்குகிறது, பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, இருபுறமும் தைல மரங்கள், இலை அசையவில்லை, எட்டு மணிக்கே வெயில் முதுகைப் பிடித்துவிட்டது, ஹால் டிக்கெட் உறையை நெஞ்சோடு சேர்த்தணைத்தபடி என் மனைவி அரசி சாலையின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அறந்தாங்கிக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர், ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள், சாத்தினால் சாத்தியதுதான், இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது, இனி எந்த அரசுத் தேர்வுக்கும் விண்ணப்பம் போட முடியாது, காலை பஸ் போய்விட்டது, ஆட்டோக்காரனுக்கு நாலு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை, பூஜை லீவோடு வந்த ஞாயிற்றுக்கிழமை எவன் எடுப்பான், நான் மிதிக்கிறேன், என்னங்க ஆச்சு என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றுகிறேன், கைக்குட்டையால் துடைத்து, என்ஜின்மேல் வைத்து மிதித்துப் பார்க்கிறேன், நீலப் பொறி பளிச்சென்று வெட்டுகிறது, கரண்ட் இருக்கிறது, அப்புறம் என்ன கேடு இதற்கு, மாட்டி மிதித்தேன், எடுத்துக்கொண்டது, ஏறு ஏறு அரசி என்று கத்தினேன், அரைக் கிலோமீட்டர் போயிருப்போம், மூச்சு முட்டுகிற ஆள்போல இரண்டு தடவை இழுத்துவிட்டு மறுபடி நின்றது, நின்ற இடத்தைப் பார்த்தேன், அதே வளைவு, அதே மைல்கல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தேர்வுக்குப் போன அன்றும் வண்டி இங்கேதான் நின்றது, அன்றும் நான் மிதித்தேன், அன்றும் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், நாற்பது நிமிஷம் என் சட்டை நனைந்து பிழிகிற அளவுக்கு மிதித்தேன், இப்போது மிதிப்பது இன்றா அன்றா என்று கால் தடுமாறுகிறது, வியர்வை ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், அன்றைக்கு வண்டிக்கு ஒன்றுமில்லை என்பதுதான் வித்தியாசம்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு நானே சொல்வதற்கு என்ன வெட்கம், அன்று ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இடது கையைக் கீழே விட்டு, என்ஜினுக்குப் பெட்ரோல் இறங்குகிற டேப்பை நான்தான் திருகி மூடினேன், முந்தின நாள் நான் எடை போடுகிற இரும்புக்கடையில் ஒருவன், பொண்டாட்டி ஆபீஸ் போனா நீ சோத்து டப்பா தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்க வேண்டியதுதான் என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தது ராத்திரி முழுக்க வயிற்றில் கிடந்து எரிந்தது, எந்த ஊரில் வேலை போடுவார்களோ, போனவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாளோ, அந்தப் பயத்தில் மூடினேன், திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க என்றாளே, அந்தக் கையின் சூட்டை இன்றுவரை என்னால் கழுவ முடியவில்லை, அதற்குத்தான் இந்த வருஷம், சாமி கும்பிடாத நான், அரை வில்லைச் சந்தனத்தைக் குழைத்து வண்டி முழுக்க அப்பினேன், பிழைத்துப் போகட்டும், இந்தத் தடவை அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டு மூடியில் மட்டும் மூன்று தடவை.

மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்தபோது அரசி பக்கத்தில் வந்து நின்றாள், சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள், டேங்குக்கு அடியில் விரலை விட்டு டேப்பைத் தொட்டுப் பார்த்தாள், தொறந்துதான் இருக்கு என்றாள், அவ்வளவுதான், வண்டி நின்றால் முதலில் அங்கே பார்க்க வேண்டுமென்று இவளுக்கு யார் சொன்னது, இரண்டு வருஷம், இரண்டு வருஷமாகச் சோறு போட்டாளே, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்தாளே, அரசி, அன்னைக்கு நான் என்று ஆரம்பித்தேன், இப்ப பேசாதீங்க, மணி எட்டு இருபத்தஞ்சு, பெட்ரோல் இருக்கான்னு பாருங்க என்றாள்.

சாவி போட்டு மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தது, மிதித்தேன், உடனே எடுத்துக்கொண்டது, மூடிவிட்டுக் கிளம்பினேன், ஒரு கிலோமீட்டரில் மறுபடி செத்தது, நான் வண்டியை உதைத்தேன், நிஜமாகவே உதைத்தேன், இந்தத் தடவை நான் எதுவும் செய்யல அரசி, சத்தியமா எதுவும் செய்யல என்று நடுரோட்டில் கத்தினேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தொறந்தா ஓடுது, மூடினா நிக்குது, காத்து போகல என்றாள், எண்ணெய் டின்னுல ஒரு ஓட்ட போட்டா எண்ணெய் வராது, இன்னொரு ஓட்ட வேணும், ஏழாங்கிளாஸ் புத்தகத்துல இருக்கு, இதுல காத்து போற ஓட்ட எங்க, நான் விரலால் காட்டினேன், சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை, அதன்மேல் என் மூன்று பூச்சுச் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. நான் வேண்டிக்கொண்ட இடம்தான் அது.

அவள் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திக் குத்திச் சுரண்டினாள், நான் வாயால் ஊதினேன், சந்தனத் தூள் கண்ணில் விழுந்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓட்டினேன், ஊக்கில்லாத முந்தானையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையை என் தோளில் வைக்காமல் பின்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், பாலம், செங்கல் சூளை, ரயில்வே கேட், எல்லாம் எனக்கு அன்றைக்கு நாங்கள் வந்து சேராத சாலையாகவே தெரிந்தது, எந்த இடத்திலும் வண்டி நிற்கவில்லை, பள்ளிக்கூட வாசலில் காவலர் கேட்டின் ஒரு பக்கத்தை ஏற்கனவே சாத்தியிருந்தார், அவள் இறங்கி ஓடினாள், அப்போதுதான் எனக்கு வாய் வந்தது, அரசி, அன்னைக்கு டேப்ப நான்தான் மூடினேன், வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் திரும்பினார்கள், அவளும் திரும்பினாள், தெரியும், வேல கெடச்சா எந்த ஊர்ல போட்டாலும் போவேன், அத மட்டும் தெரிஞ்சுக்கங்க என்றாள், உறையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள், காவலர் மறு பக்கத்தையும் சாத்தினார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும், கால் பழக்கத்தில் மிதித்தேன், ஒரே மிதியில் எடுத்துக்கொண்டது, யாரையும் ஏற்றாமல், எங்கும் போகாமல், அது பாட்டுக்கு சீராக ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன், போனால் போகட்டும், போய்விடுவாள், போகட்டும். பிறகு அணைத்துவிட்டு, தேர்வு முடிகிற பன்னிரண்டரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.