நாற்றம் நின்றபோது

நாற்றம் போனது அவளுக்கு முதலில் சுகமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அழுகிய முட்டை வாடை சட்டென்று நின்றிருந்தது. பம்புக் குழியின் விளிம்பில் குந்தி, கயிற்றின் நுனியை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்திருந்தவள், அப்பாடா என்று மூச்சை இழுத்தாள். பாதி மூச்சிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர்க் குப்பையில் மக்குகிறதையெல்லாம் அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் புளிக்கவைத்து, அதில் கிளம்பும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை அது. குப்பையைச் சுமந்து ஓடும் பட்டையின் முன் நின்று பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் கொழுந்தன் வேலை. தெருவிளக்கெல்லாம் உங்கள் தயவில் எரிகிறது என்று அதிகாரிகள் வந்தால் சொல்லிவிட்டுப் போவார்கள். பேருந்தில் அந்தத் தயவெல்லாம் செல்லாது. அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். எத்தனை சோப்பு தேய்த்தாலும் தலைமுடியிலிருந்து அது போவதாக இல்லை. வீட்டிலோ கொழுந்தன், அவள் சமையலறைக்குள் கால் வைத்ததும் முகம் முழுக்கச் சுருங்கும்படி மூக்கைச் சுளித்து, "கரண்ட் வந்திருச்சு, யாராவது விளக்கைப் போடுங்க" என்பான். அவன்மீதும் அதே நாற்றம்தான். அவளும் சிரித்துவைப்பாள். ஆனாலும் சுருக்கென்று தைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பயிற்சி கொடுத்த அம்மாள் ஒன்று சொல்லியிருந்தாள். "நாறினா பயப்படாதீங்க. நாறிக்கிட்டே இருந்தது திடீர்னு நின்னா ஓடுங்க. வாயு போகல, உங்க மூக்குதான் போயிருச்சுன்னு அர்த்தம்." எல்லோரும் சிரித்தார்கள். மூக்கு போனால் நல்லதுதானே என்று கொழுந்தன் பின்னாலிருந்து கேட்டான்.

வாயு இருந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் அது குய்யோ முறையோ என்று கத்துவதால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்து மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தார்கள். இன்று பம்பு அடைத்துக்கொண்டதும் அவள் கொழுந்தனிடம், "மாமியாரைக் கூட்டிட்டுப் போங்க தம்பி" என்றாள்.

"ஒரே ஒரு பிளாஸ்டிக் பை அண்ணி. ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு மாமியார் வேறயா?"

அவளுடைய திருப்திக்காகக் கயிற்றை மட்டும் மார்ப்பட்டையில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். அந்தப் பை பட்டையில் அவள் கைக்குத் தப்பிப் போனதாகவும் இருக்கலாம்.

"தம்பி."

குழிக்குள் எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, விளையாடாதீங்க."

விளையாடுகிறவன்தான். போன வாரம் இதே குழிக்குள்ளிருந்து, "அண்ணி, நான் போயிட்டேன். என் சட்டையெல்லாம் அண்ணனுக்குக் கொடுத்துடுங்க" என்று குரல் கொடுத்தான். அவள் பதறிப்போய்க் கயிற்றை இழுக்க, பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி வந்தான். இனி நீங்கள் செத்தாலும் நம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த தலைவலித் தைலக் குப்பியை எடுத்து, பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து மூக்கடியில் வைத்தாள். கண் எரிந்தது. மணம் மட்டும் இல்லை. வெறும் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. குப்பியைத் திறந்தபடியே இடுப்பில் செருகினாள்.

கயிற்றை இழுத்தாள். கனமாக இருந்தது. அந்தக் கனம் எதிர்த்து இழுக்கவில்லை, ஒத்தும் வரவில்லை. அவளுடைய வலது கால் தானாக ஏணியின் முதல் படியில் இறங்கிவிட்டது. விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவன்தான் இரண்டாவது பிணம் என்று அந்த அம்மாள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அவளைத் தடுத்தது பாடமில்லை, பயம். கீழே தெரிந்த இருட்டைப் பார்த்ததும் உடம்பெல்லாம் உதறிக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்படி இழுத்துக்கொண்டதற்காகத் தன்னை வெறுத்தாள்.

குப்பை மேட்டில் லோடர்காரர் வண்டிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார். இரைச்சலில் அவள் அலறல் எட்டவில்லை. ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்றால் கயிற்றை விடவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றியபடியே செருப்பைக் கழற்றி வீசினாள். முதல் செருப்பு குப்பையில் விழுந்தது. இரண்டாவது வண்டிக் கண்ணாடியில் பட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், பார்த்ததும் குதித்து ஓடிவந்தார்.

"யாரு உள்ளே?"

"எங்க தம்பி. இறங்காதீங்கண்ணே! இழுங்க, இழுங்க!"

முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, சிமெண்ட் விளிம்பில் காலை உதைத்து இருவரும் இழுத்தார்கள். ஏணிப் படிகளில் அவன் தலைக்கவசம் இடித்து இடித்து மேலே வந்தது. ஒவ்வோர் இடிக்கும் அவள் வலிக்குமே என்று நினைத்தாள். வெளியே வந்தவனைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்க் கிடத்தினார்கள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. லோடர்காரர் கைப்பேசியில் ஆம்புலன்ஸுக்குக் கத்திவிட்டு, அதைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்.

அவள் தலைமாட்டில் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்த குப்பியை எடுத்தாள். அதிலிருந்து தைலத்தின் நெடி முதலில் லேசாக, பிறகு குப்பென்று ஏறியது. அதைத் தொடர்ந்து குப்பை மேட்டின் வாடை, தன் முடியின் வாடை, அவன் சட்டையின் வாடை எல்லாம் வந்தன. அவளுக்கு மூக்கு திரும்பிவிட்டது. குப்பியை அவன் மூக்கருகே பிடித்தாள்.

"டேய்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நாறுது பாருடா. நான்தான் வந்திருக்கேன். மூக்கைச் சுளிடா. ஒரே ஒரு தடவை சுளிடா."

நெஞ்சை அமுக்கும் வேகத்தில் அவன் முகம் அசைந்துகொண்டிருந்தது. எது அவன் அசைவு, எது அமுக்குவதால் வரும் அசைவு என்று பிரித்துப் பார்க்க முயன்றபடி, அந்த மூக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், குப்பியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.